சர்க்கரை போடாத டீ

என் அண்ணன் மகள்களில் நடுவுள்ளவள் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு வாய்த்தவர் பெயிண்டர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், அப்புறம்தான் மனிதர்களை. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதே, "மூலையில ஈரம் ஏறுது, பட்டி பூசிட்டு அப்புறம் பெயிண்ட் அடிங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தலைக்குள் கட்டி என்று தெரிந்த பிறகு அந்த வாய் இன்னும் நீண்டது. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஏணி போச்சு, கட்டிலே கதி. உப்பு தூக்கல், விசிறி சத்தம், அவள் நடக்கிற சத்தம், எல்லாமே குற்றம். அவளோ விடிந்ததும் அவரைத் துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, கடைக்கு ஓடுவாள். மத்தியானம் வந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடுவாள். மிஷினில் உட்கார்ந்தபடியே கண் சொக்கும்.

அன்று காலையில் தலைவலி என்றார், வாந்தியும் எடுத்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் வந்து டீ போட்டுக் கொடுத்தாள். முழுவதையும் குடித்தார்.

"நல்லாருக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

துணைக்கு வந்திருந்த அவள் தம்பி சிரித்தான். "மாமா வாயிலேருந்து நல்லாருக்குன்னு வருதே! தூங்கட்டும் விடுக்கா. நீயும் படு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

பாயை விரித்தும் விட்டாள். அதில் உட்கார்ந்து தன் டீயை ஒரு வாய் குடித்தாள். கசந்தது.

"சர்க்கரையே போடலடா."

"அதுக்கென்ன இப்ப?"

"இதைக் குடிச்சிட்டா அந்த மனுஷன் நல்லாருக்குன்னாரு?"

எழுந்துபோய் உலுக்கினாள். ஒரு கண் பாதி திறந்து, மூடிக்கொண்டது. கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை.

வீடு மூன்றாவது மாடியில். நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, தம்பி முன்னால் பிடிக்க இவள் பின்னால் பிடித்து இறங்கினார்கள். பாதிப் படியில் அவள் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டாள்.

"முடியலடா."

"அழறதா இருந்தா தூக்கிக்கிட்டே அழுக்கா. மாமா கனத்த நான் தனியாளா தாங்க முடியாது."

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள்: "கட்டி அடைச்சு, தலைக்குள்ள நீர் தேங்கிடுச்சும்மா. குழாய் போட்டு வெளியேத்தணும். இப்பவே."

"பொழைச்சிடுவாரா?"

"நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. மத்தத அப்புறம் சொல்றேன்."

அப்புறம் என்பது மறுநாள் ஆனது. உட்கார்ந்தே இருந்தாள். தூங்கினால் அவர் போய்விடுவார் என்று அவளுக்கு ஒரு பயம்.

உள்ளே விட்டபோது தலையில் கட்டோடு கண் திறந்திருந்தார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

"எவன் அடிச்சான் இந்தச் செவுத்துக்கு? திட்டுத் திட்டா இருக்கு." பிறகு அவளைப் பார்த்தார். "தலையைக்கூட வாராம வந்து நிக்கிற."

"ஆமா, உங்கள மூணு மாடி தூக்கின அழகு" என்றாள்.

அவள் வெளியே வந்ததும் தம்பி எழுந்து நின்றான். "என்னக்கா சொன்னாரு?"

"செவுரு சரியில்லையாம்."

அவன் சிரிக்க ஆரம்பித்து மூக்கை உறிஞ்சினான். "அப்ப மாமா வந்துட்டாரு."

"கட்டி உள்ளதாண்டா இருக்கு" என்று சொல்லி, பெஞ்சில் அவன் பக்கமாகச் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் தூங்கிவிட்டாள். அவள் போனில் கடை முதலாளி கூப்பிட்டார்.

"அக்கா தூங்குது" என்று தம்பி மெதுவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.