எழுதினா நடக்கணும், இல்லேன்னா அழிக்கணும்

சைக்கிள் கடை ஜமால் பாய் காலமாகிவிட்டார் என்ற செய்தி நேற்றுக் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னை வந்தடைந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எங்கள் ஊர் மலை ஒரு சாண் உள்வாங்கியதை என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்.

எழுபதுகளில் அவரோடு பழக்கம். பஞ்சர் ஒட்டும்போதே தெருவுக்கு இரண்டு தடவை போய்வரும், ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதர். கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் ஒரு கொள்கை வாசகம் எழுதுவார். அன்று முழுக்க அதன்படி நடப்பார். முடியாவிட்டால் ஈரத்துணியால் தானே அழிப்பார். "எழுதினா நடக்கணும், இல்லேன்னா அழிக்கணும். சும்மா தொங்கறதுக்கு அது என்ன காலண்டராங்க?" என்பார்.

'பொறுமை' முதல் டீ வரும்வரை தாங்கியது. 'கம்மியாகப் பேசு' என்று எழுதிய அன்று அதன் பொருளைச் செங்கம் ரோடு முழுக்கக் கேட்கும்படி சாயங்காலம் வரை விளக்கினார். அழிக்கச் சொன்னேன். "விளக்கம் பேச்சுல சேராதுய்யா" என்று தீர்ப்பளித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், 'வந்தவரைத் திருப்பி அனுப்பாதே' என்று எழுதியிருந்தார். மதியம், பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார் கீழ்பென்னாத்தூரில் இருந்த அவர் தம்பி சலீம். தங்கையின் கல்யாணத் தேதியைத் தன்னைக் கேட்காமல் வைத்துவிட்டாரென்று பாய் பல வருடமாக அவரோடு பேசுவதில்லை. அம்மா தம்பி வீட்டில் இருந்ததால் அவர்களைப் பார்க்கவும் போவதில்லை.

பாய் ஈரத்துணியை எடுத்தார். பலகைக்கும் சைக்கிளுக்கும் நடுவே அவர் நடந்த நடையில் மூன்று கிரிவலம் முடிந்திருக்கும்.

"அழிச்சிடுங்க பாய், யாரு பாக்கப்போறாங்க?" என்றேன் விஷமமாக.

"நீ வாய மூடுய்யா."

"அழிச்சா போயிடறேண்ணே," என்றார் சலீம். "அம்மாவுக்கு முடியல. உங்களப் பாக்கணும்றாங்க. சொல்லத்தான் வந்தேன்."

துணி கீழே விழுந்தது. பாய் ஒட்டிய வேகத்தில் ரப்பரே பயந்து ஒட்டிக்கொண்டது. தம்பியைக் கேரியரில் உட்காரவைத்து சைக்கிளை மிதித்தார். "கடையப் பாத்துக்க. போர்டுல இருக்கறபடி நடந்துக்க" என்று எனக்கு உத்தரவு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத நான் அன்று வைத்தியம் பார்த்த சைக்கிள்கள் இன்றும் ஊரில் நொண்டுகின்றன.

அம்மா அதற்குப் பிறகு சில மாதம் இருந்தார்கள். அந்த மாதங்களில் பாய் கடையில் இருந்ததைவிடக் கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்ததே ஜாஸ்தி.

நேற்று மாலை அடக்கம். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். நான் போடலாமா கூடாதா என்று தெரியாமல் மதிலோரம் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். சலீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏன் இங்க நிக்கறீங்க? வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய், எனக்கு இடம்விட்டு நின்றார்.

மண் ஈரமாக இருந்தது. கையைக் கழுவ மனம் வரவில்லை.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், பாய்.