ஆளில்லாத மணல்மேடு

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. இடம், கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் உள்ள ஒரு மீனவக் கரை. கரையின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்று போகப் போக உங்களுக்கே விளங்கும்.

நான் சிலாபத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறவள். பிறவியிலேயே சந்தேகக்காரி. வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பிடம் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். என் கணவர் என்னை 'வீட்டுப் பொலிஸ்' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பொலிஸுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் கமெரா. லீவு கிடைத்தால் போதும், தனியாகக் கிளம்பிவிடுவேன். நிலம், நீர், வானம், அவ்வளவுதான் என் படங்கள். ஆள் விழக் கூடாது. தூரத்தில் ஒரு மின்கம்பி தெரிந்தால்கூட எனக்கு வயிறு எரியும்.

அந்தப் பயணத்தில் முதலில் போனது வில்பத்துத் தேசிய பூங்காவுக்கு. காட்டைக் கடந்து கடற்பக்கம் போனால் செம்மண் கரையும் வெள்ளை மணலுமாகப் பாலைவனம் மாதிரியே கிடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிடந்தது உண்மைதான். ஆனால் நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள். இறங்க விட்ட இடத்திலோ எனக்கு முன்னால் நாலு ஜீப் சனம். எடுத்த படம் ஒவ்வொன்றிலும் யாருடையதோ ஒரு தொப்பி, யாருடையதோ ஒரு முழங்கை. எரிச்சலோடு திரும்பி வந்தபோது, கற்பிட்டியில் நான் தங்கிய விடுதிக்காரர்தான் இந்தக் கரையைச் சொன்னார். ஊர் ஓரமாகப் பெரிய மணல்மேடுகள், யாரும் போகாத இடம் என்றார். என் வாயில் தேன் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் பின்னேரம் ஓர் ஓட்டோ பிடித்துப் போனேன். ஓட்டுநர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர், மெதுவாகக் கதைக்கிறவர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். அங்கே ஒரே கதையாகத்தான் இருந்தது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு வேனில் சிலர் வந்து அந்தக் கரையில் குச்சி நட்டு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ட்ரோன் கூட விட்டார்களாம். 

"ஆர் எவரெண்டு ஒருத்தருக்கும் தெரியா தங்கச்சி," என்றார் நானா. "ஹோட்டலுக்கு எண்டு ஒரு கதை. மண் அள்ள எண்டு ஒரு கதை. அந்தக் கரை போச்சுதெண்டா அந்தச் சனத்துக்குத் தோணி இழுத்து வைக்கவும் இடமில்ல, கருவாடு காயப் போடவும் இடமில்ல." 

பாவம்தான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். படம் எடுக்கிற வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

மணல்மேட்டைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. உச்சி முழுவதும் காற்று இழுத்த வரிகள், ஒரு கால்தடம் இல்லை. ஆனால் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடித்தது. வரிகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் காலையில் பக்கவாட்டாக வெயில் விழ வேண்டும். அதற்கு விடியுமுன்பே வந்து நிற்க வேண்டும். அந்த இருட்டில் எங்கே நிற்பது, எந்தப் பக்கமாக ஏறுவது என்று தேடி நடந்தால் என் கால்தடமே படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே நான் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தேன். முதல் நாளே நல்ல இடங்களைப் பார்த்து, மெல்லிய மூங்கில் குச்சிகளில் சிவப்பு நாடா கட்டி நட்டு வைத்தேன். பாமசியில் மருந்துப் பெட்டி கட்டி வரும் நாடாதான். மேட்டின் பின்புறமாக வரிசையாக நட்டுக்கொண்டே போனேன்.

திரும்பிப் பார்த்தால் நானா ஓட்டோவில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் நானா கேள்விமேல் கேள்வி கேட்டார். இந்தப் படமெல்லாம் ஆருக்கு? தங்கச்சியை ஆர் அனுப்பினது? வேலை செய்யிற கொம்பனி என்ன? பாமசி என்றேன். "பாமசியில இருந்தா மண்ணப் படம் எடுக்க அனுப்புறாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு ஒரு மோட்டார்சைக்கிள் எங்கள் பின்னால் வருவதைக் கவனித்தேன். நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. விடியுமுன் வரும்படி அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். விடுதிக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டு, நானா கொஞ்சம் தள்ளிப் போய்க் கைப்பேசியில் கதைத்தார். மதில் ஓரமாக நின்று காது கொடுத்தேன். 

"நாளைக்கு விடியத்தான் வருவாங்க. தனியத்தான். சாமானெல்லாம் கையிலதான் இருக்கு."

கமெராவுக்குத்தான் குறி வைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அறைக் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். புத்தியுள்ள மனுசி விடிந்ததும் பஸ் ஏறிச் சிலாபம் போயிருப்பாள். ஆனால் அந்த மணல் வரிகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. காற்று ஒரு முறை மாறினால் அவை போய்விடும். வேறு ஓட்டோ கேட்டுப் பார்த்தேன், அந்த நேரத்துக்கு ஒருவரும் வரமாட்டோம் என்றார்கள். கடைசியில் அதே நானாவின் ஓட்டோவில்தான் ஏறினேன். ஓட்டோவின் இலக்கத்தை முதலிலேயே கணவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு கைகூப்பும் படத்தைப் பதிலுக்கு அனுப்பினார்.

போய்ப் பார்த்தால் ஒரு குச்சியையும் காணோம். டோர்ச் அடித்துத் தேடினேன். குச்சி நட்ட இடமெல்லாம் குழி. அது போதாதென்று மேட்டின் உச்சியில் ஒரு படையே நடந்து போன மாதிரி கால்தடங்கள். வந்த ஆத்திரத்தில் பயம் கூடப் பறந்துபோயிற்று.

"நானா, இது உங்கட வேலைதானே?" என்றேன்.

"நான் ஒண்டையும் பிடுங்கல்ல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஆளுக்கு ஏதோ தெரியும் என்று.

விடக் கூடாது என்ற வீம்பில் அடுத்த மேட்டுக்கு ஏறினேன். அங்கே மணல் கலையாமல் இருந்தது. முக்காலியை ஊன்றிக் கமெராவைப் பூட்டினேன். பின்னால் நிலத்துக்குள் கிடக்கும் களப்பு நீர்ப் பக்கமிருந்து மெல்ல வெளிச்சம் வந்தது. அதோடு பெண்களும் வந்தார்கள். கீழே கரையில் கிடுகால் வேய்ந்த கொட்டில்கள், அவர்கள் அதை வாடி என்பார்கள். அங்கிருந்து கூடை கூடையாக மீனைத் தூக்கி வந்து வலைத் துண்டுகளில் பரப்பத் தொடங்கினார்கள். என் படத்துக்குச் சரியாக நடுவில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாடிகள் மேட்டின் மறைவில் போகும்படி கமெராவைச் சற்றுச் சாய்த்தேன். கரையோரமிருந்த சிலுவைக் கம்பத்தையும் ஓரத்தால் வெட்டினேன். பெண்கள் அடுத்த கூடைக்காக எல்லோரும் ஒன்றாக உள்ளே போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அமுக்கினேன். 

சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை வருடத்தில் நான் எடுத்த மிகச் சிறந்த படம் அதுதான். மணல், கடல், வானம். உலகத்தைப் படைத்த அன்றைக்கே எடுத்த மாதிரி இருந்தது. தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்குமுன் பின்னால் சரசரவென்று சத்தம். அந்தப் பெண்கள்தான், ஏழெட்டுப் பேர் மேடேறி வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவருக்கு என்னைவிடச் சில வயது கூட இருக்கும். தலையில் துவாய், கையெல்லாம் உப்பும் செதிளும். அந்தக் கைக்குள் என் சிவப்பு நாடாக் குச்சிகள்.

"இது மிஸ்ஸிடயா?" 

"ஓம். ஏன் பிடுங்கினீங்க?"

"ஏன் நட்டீங்க?"

வெளிச்சம் விழும் இடத்தைக் குறித்து வைக்கத்தான் என்றேன். உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்லும்போது என் காதுக்கே அது புளுகாகத்தான் கேட்டது. பாமசியில் யாராவது வந்து இப்படி ஒரு விளக்கம் சொன்னால் நானே நம்பமாட்டேன். ஒரு பெண் போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி என் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானா ஓட்டோவை விட்டுவிட்டு மெதுவாக மேடேறி வருவது தெரிந்தது. சரி, கமெரா போச்சு, இனி உயிர் மிஞ்சினால் போதும் என்று நினைத்தேன்.

"எடுத்ததைக் காட்டுங்க," என்றார் அந்த அக்கா.

கமெராவைக் கழற்றிக் காட்டினேன். பயத்திலும் எனக்குள் ஒரு பெருமை. படத்தின் அழகைப் பார்த்தாலாவது நான் யார் என்று விளங்கும் என்று எண்ணினேன். அவர் சின்னத் திரையைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருடைய முகமும் மலரவில்லை.

"நாங்க எங்க?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"விடிஞ்சதில இருந்து இங்கதானே நிக்கிறம். மிஸ் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க. இதில நாங்க எங்க? வாடி எங்க? குருசு எங்க?"

"ஆக்கள் இல்லாமத்தான் எடுக்கிறது அக்கா. அப்பத்தான் வடிவா இருக்கும்," என்றேன். சொல்லி முடியுமுன்பே தெரிந்துவிட்டது, இதைவிடக் கெட்ட பதிலை அன்றைக்கு நான் சொல்லியிருக்க முடியாது.

அவர் சத்தம் போடவில்லை. முந்தின ஆவணியில் நடந்ததைச் சொன்னார். தலவில புனித அன்னம்மா தேவாலயத் திருநாளுக்கு அந்தக் கரையே கிளம்பிப் போய்விடும். கைக்குழந்தை, சட்டி பானை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்க் கோயில் வளவிலேயே தங்கிவிடுவார்கள். வாடிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்தக் கிழமையாகப் பார்த்து யாரோ வந்து படம் பிடித்திருக்கிறார்கள். பிறகு அதிகாரிகள் ஒரு கூட்டத்துக்கு இவர்களையும் கூப்பிட்டு அந்தப் படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்களாம்.

"மணல். கடல். கட்டிப் போட்ட கொட்டில். ஒருத்தரும் பாவிக்காத கரையெண்டு சொன்னாங்க. நான் எழும்பிச் சொன்னன், அது நாங்க திருநாளுக்குப் போன கிழமை எண்டு. 'படத்தில ஆளில்லையே அம்மா' எண்டாங்க." 

பிறகு என் கமெராவைத் தொட்டுக் காட்டினார். "அதுவாவது நாங்க இல்லாத நேரம் எடுத்தது. மிஸ் நாங்க இருக்கேக்கயே எங்கள இல்லாம ஆக்கிப்போட்டீங்க."

உடம்பெல்லாம் கூசியது. நானா அதற்குள் பக்கத்தில் வந்து நின்றார். 

"நீங்கதான் இவங்களுக்குச் சொன்னதா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, நாந்தான். மோட்டார்சைக்கிள்ல வந்தது இவங்கட ஆளுதான்," என்றார், கொஞ்சமும் மறைக்காமல். "தொண்ணூறாம் ஆண்டு எங்கட சனத்தை ஊர விட்டுத் துரத்தினப்போ மன்னார்ல இருந்து வந்தவன் நான். வாப்பா கையப் பிடிச்சுக்கொண்டு ஒரே ஒரு பையோட. ஒரு தரம் ஊர விட்டு எழும்பின ஆள் நான். அடுத்த சனத்த எழுப்ப வாற ஆள என்ட ஓட்டோவிலயே கொண்டுவந்து இறக்கினா, எனக்கு நித்திரை வருமா?"

அவர்மேல் நான் பட்ட சந்தேகம் சரிதான். எனக்குப் பின்னால் வேலை பார்த்தது அவரேதான். ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. கமெராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானே அவர் கண்முன்னால் அழித்தேன். பொய் சொல்லமாட்டேன், விரல் தயங்கத்தான் செய்தது. 

"இப்ப எடுங்க," என்றார் அவர். "வாடியும் விழவேணும், குருசும் விழவேணும். சிரிக்கச் சொல்லாதீங்க. நாங்க வேலை செய்யிற மாதிரியே எடுங்க." 

எல்லோரும் கீழே இறங்கி மீனைப் பரப்பத் தொடங்கினார்கள். வெயில் ஏறிவிட்டது, மணல் வரியெல்லாம் வெளிறிப்போயிருந்தது, வெளிச்சம் எதற்கும் உதவாத வெளிச்சம். ஆனாலும் மேட்டிலும் கரையிலுமாக நடந்து நடந்து எடுத்தேன். தோணிகள், வலை, பானை, கொடியில் காய்ந்த உடுப்பு, எதையும் விடவில்லை. அங்கேயே நின்று அவருடைய மகளின் கைப்பேசிக்கு எல்லாவற்றையும் அனுப்பிய பிறகுதான் முக்காலியை விட்டார்கள். கிளம்பும்போது அந்த அக்கா ஒரு பொதி கருவாட்டை ஓட்டோவுக்குள் வைத்தார். என்னை நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. "படம் ஆருக்கும் குடுக்கிறதெண்டா நாங்க இருக்கிற படத்தைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

திரும்பும் வழியில் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். 

"கோவமா தங்கச்சி?" என்று கேட்டார் நானா.

"ஓம்," என்றேன்.

"பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு ஓட்டினார்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்த அக்காவின் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய், பெண்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அதிகாரிகள் முடிவு ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கரையில்தான் இருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். எங்காவது எழுதினால் கரையின் பெயரைப் போட வேண்டாம், அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் அளக்க வருவார்கள் என்றும் எல்லோர் சார்பாகவும் கேட்டிருந்தாள். இதை எழுதும் இன்று வரை அதற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது.

இப்போதும் நான் மணலையும் கடலையும் தேடிப் போகிறேன். ஆனால் யாருமே இல்லாத ஒரு கரையின் படத்தை எங்கே கண்டாலும், என்ன வடிவு என்று சொல்ல வாய் எடுக்குமுன் மனம் கேட்டுவிடுகிறது, அந்தக் கரைச் சனம் அன்றைக்கு எந்தத் திருநாளுக்குப் போயிருந்தது என்று.