மடுல்சீமை பஸ்ஸில் அக்கா

பத்து வயதில் வந்த காய்ச்சல் அக்காவின் காதுகளைக் கொண்டுபோனது. இருபதில் கண்களும் அணைந்தன. மிஞ்சியது குரல், அதன் அளவு அவளுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முதல் காம்பராவில் அவள் தேத்தண்ணி கேட்டால் கடைசிக் காம்பராவில் சிரிப்பார்கள். "காலைப் பெரட்டுல வேலைக்கு ஆளக் கூப்பிட இவளப் போடுங்க, கங்காணிக்கு லீவு!"

அவள் உள்ளங்கையில் ஒவ்வோர் எழுத்தாக விரலால் எழுதுவேன். வாயால் பதில் சொல்வாள். வேறு யாரும் எழுதவில்லை. "அவளுக்கு என்ன வேணுமாம்?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளையில் மாதந்தோறும் கூடிய மாற்றுத்திறனாளிகளிடம் அவளை அழைத்துப்போனேன். அங்கே வெள்ளைப் பிரம்பு பழகினாள். பிறகு, தனியாகவே போவேன் என்றாள்.

அப்பா சொன்னார்: "ஒருக்கா ஒத்தையில போயிட்டு வரட்டும். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் பதுளைப் பேச்சே கூடாது."

கையில் எழுதினேன். "சரின்னு சொல்லு!" மலைக்கே கேட்டது.

கழுத்தில் அட்டை தொங்க பஸ்ஸில் ஏறினாள்: காது கேட்காது, கண் தெரியாது, பதுளையில் இறங்க வேண்டும், கையில் எழுதுங்கள். கொழுந்தெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நானும் பின்கதவால் ஏறிக்கொண்டேன்.

வழியில், பசறையில் ஓர் அம்மா, அட்டையைப் படிக்காமலே, "ஐயோ பாவம், வழி தவறி வந்த புள்ள" என்று அவளை இழுத்து இறக்கப் பார்த்தார். ஓடிப்போய் மறுகையைப் பிடித்தேன். கொழுந்துக் கறையேறி வெடித்த என் விரல்களை அக்கா தடவினாள்.

"நீயா? அட்டையத் தூக்கிக் காட்டத்தான் போனேன்டி! ஒனக்கே நம்பிக்கை இல்லையா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒளிந்துகொள்ள ஒரு தேயிலைச் செடிகூட இல்லை.

மாலையில் அவளே அப்பாவிடம் சொன்னாள்: "இன்னைக்குப் போனது சேராது. தங்கச்சி கெடுத்துட்டா. அடுத்த மாசம் திரும்பப் போறேன்."

அப்பாவுக்கு எழுத்து வராது. அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, 'சரி' என்று மெல்ல ஆட்டினார்.

அடுத்த மாதம் நான் மலையிலேயே நின்றேன். கூடை பாதிகூட நிறையவில்லை, கங்காணியிடம் திட்டு. அந்தியில், பனிக்குள் நின்ற பஸ்ஸிலிருந்து முதலில் பிரம்பு இறங்கியது. பிறகு அக்கா.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாள். கண் தெரியாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும், "வீட்டுல கெடக்குறவங்களுக்கு எதுக்கு?" என்று வீட்டார் அடையாள அட்டையே எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவர்களின் பெயர்களோடு அவள் அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்குப் போன நாளில் நானும் போனேன். துணைக்கல்ல, பார்க்க.

யாழ்ப்பாணத்து அதிகாரி என்னைத்தான் பார்த்தார். "அவவுக்கு என்ன வேணுமாம்?"

நான் அக்காவின் கழுத்தில் இருந்த அட்டையைக் காட்டினேன். அக்காவின் கை மேசைமேல் விரிந்து காத்திருந்தது. அவர் பேனாவை வைத்தார், தயங்கினார், ஒரு விரலால் எழுதினார்.

"வெளங்கல சார்!" கச்சேரியே திரும்பிப் பார்த்தது. "பெருசா எழுதுங்க. எனக்கு அவசரமில்ல."