நெற்றியும் மீட்டர் கோலும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நெற்றியில் இட்டுக்கொள்வதற்குத் திருமண் என்று பெயர். நாமம் என்றால் பெருமாளுடைய திருப்பெயர். காவிரிப் பாலத்தைத் தாண்டி மலைக்கோட்டைக்குப் போனால் அதே நாமம் ஏமாற்று வேலையாகிவிடும். சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போனாலும் நாமம், சம்பந்தி வீட்டார் சொன்னதைச் செய்யாவிட்டாலும் நாமம். அங்கே நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டில் உருது பேசுவார்கள். அவர்கள் பேச்சில் 'நாம்' என்றால் பேர், அதுவும் நல்ல பேர். இந்த மூன்றுக்கும் நடுவில் என் நெற்றி மாட்டிக்கொண்டது.

அறுபதுகளின் தொடக்கம். கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்த புதிது. கிராமத்து ஜனங்களுக்கு அந்தக் கோலைக் கண்டாலே சந்தேகம். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நெற்றி நிறையத் திருமண்ணோடு நின்றால் கேட்கவா வேண்டும். "கோலையும் மாத்திட்டு, ஆளையும் பொருத்தமா நிறுத்தியிருக்காங்க" என்று சிரித்தபடி பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் மூக்குக்கு மேல் வரும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா யாவாரம் படுத்துப் போச்சு. நாளையிலேர்ந்து நெத்தியைத் துடைச்சிட்டு வாங்க. முடியாதுன்னா உள்ளே மூட்டை பிரிக்கிற வேலை இருக்கு."

மறுநாள் வழக்கத்தைவிடப் பட்டையாக இட்டுக்கொண்டு போனேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். ஆனாலும் வழியெல்லாம் மாதச் செலவைக் கணக்குப் போட்டபடியே நடந்தேன். எங்கள் வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவன் நான் ஒருவன்தான்.

முதலாளி என் நெற்றியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் முக்கொம்புப் பக்கத்து விவசாய வீட்டு அம்மாள் ஒருவர், உறவுப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு கடைக்குள் வந்தார். கல்யாண ஜவுளி. முதலில் பாவாடைத் துணி பதினோரு கஜம் கேட்டார். பத்து மீட்டர் எடுத்தால் சரியாக வரும் என்றேன்.

"பதினொண்ணு கேட்டா பத்துங்கிறீங்க. எனக்கே நாமமா, அய்யரே?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் அய்யர் இல்லை என்பது வேறு விஷயம். கோலைக் கீழே வைத்தேன்.

"என் கோலை நம்ப வேண்டாம்மா. பத்து மீட்டர் கிழிச்சுத் தரேன், உங்க கையாலேயே முழம் போட்டுப் பாருங்கோ. பதினோரு கஜம்னா இருபத்திரண்டு முழம். குறைஞ்சா துணி உங்களுக்குச் சும்மா."

முதலாளிக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்றிருக்கும். எனக்கென்ன, மடியில் கனமில்லை.

தினமும் பூக்காரியிடம் ஏமாறாத கை அது. அந்த அம்மாள் விரல் நுனியில் துணியைப் பிடித்து, முழங்கை வரை இழுத்து, உரக்க எண்ணினார். பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள். இருபத்திரண்டு முடிந்தும் துணி மீதி இருந்தது. இருபத்து மூன்று வந்தது, அதற்கு மேலும் நாலு விரல் நின்றது. அவர் கை கொஞ்சம் குட்டை என்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்ன?

அவர் என் நெற்றியை ஏற இறங்கப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இவரு அளவு சுத்தமா இருக்கு. எல்லாத்தையும் இவருகிட்டயே எடுங்க."

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து துணி கிழித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூட்டை பிரிக்க முதலாளி வேறொரு பையனை உள்ளே அனுப்பினார்.

தீபாவளி நெருங்க நெருங்க, எடமலைப்பட்டி புதூரிலிருந்தெல்லாம் ஆட்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வாசலில், தன் தகப்பனார் பெயர் எழுதிய பெரிய போர்டுக்குக் கீழே, தாடியும் தொப்பியுமாக முதலாளி நிற்பார்.

"ஏங்க, நாமக்காரர் கடை எதுங்க?"

ஒருமுறை போர்டை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்வார்.

"இதுதாங்க. உள்ளே வாங்க."