கடலைத் தாண்ட ஆறு மணி நேரம்

1964, ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, மேலகரத்தில் எங்கள் வீட்டு முற்றம் வரை தூறிக்கொண்டிருந்தது. மாமனார் படுத்த படுக்கை. இரண்டு நாளாகப் பேச்சில்லை. அவருக்கு ஒரே மகனான என் கணவர் சிங்கப்பூரில் கடை வேலையில் இருந்தார். தந்தி கொடுத்தோம். மறுநாள் காலை பிளேனில் புறப்படுவதாகப் பதில் வந்தது.

"மணிக்கு ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போனால் தாங்குவார்" என்றார் டாக்டர். மகன் முகம் பார்க்காமல் அவரை அனுப்பக் கூடாது என்று காசி விசுவநாதரை வேண்டிக்கொண்டு, மறுநாள் காலை கிண்ணத்தோடு உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் தூரம் கேட்டிருந்தேன். "ஆயிரத்து எண்ணூறு மைல் இருக்கும்மா. ஆறு மணி நேரத்துல மெட்ராஸ்ல எறங்கிருவாக."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆறு மணி நேரம் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

"மாமா, பொழுது சாயுததுக்குள்ள உங்க மகன் வந்துருவாக. வாயத் தொறங்க" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினேன். கப்பலில் ஏழெட்டு நாள் வரும் கடல். நடுவில் ஊர் பேர் எதுவும் தெரியாது. "பாதிக் கடல் தாண்டியாச்சு, கரை தெரியுது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை. மாமனார் வாயை இறுக்கிக்கொண்டார். பார்க்க வந்த எதிர்வீட்டு ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பிளேன் என்ன மேலகரத்து வயல்லயா எறங்கும்? மெட்ராஸ்லருந்து ரயிலு வர நாளைக்கு மத்தியானம் ஆயிருமே!"

எனக்கு உயிரே போய்விட்டது. முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, தப்பாச் சொல்லிட்டேன். இப்பத்தான் ரயில் ஏறுதாக. செங்கல்பட்டுல்லாம் தாண்டணும். நீங்க இருக்கணும்."

வாய் லேசாகத் திறந்தது. அன்று இரவெல்லாம் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று ஸ்டேஷனுக்கு ஒரு கரண்டி. விடிந்தபின் நான் அசதியில், "மதுரை தாண்டியாச்சு மாமா, சிவகாசி வருது, அடுத்தது விருதுநகர்" என்றேன்.

"விருதுநகர்தாம்ட்டி முதல்ல" என்றது ஒரு குரல்.

முப்பது வருஷம் அந்த ரயிலில் விருதுநகருக்கு வற்றல் வாங்கப் போய் வந்தவர் அவர். அதன்பிறகு ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் எல்லாம் அவரே சொன்னார். நான் ஊட்டினேன்.

மத்தியானம் வாசலில் ஜட்கா வந்து நின்றது. கடைசிக் கரண்டியை அவர் மகன் ஊட்டினார்.

"ஏலே, பிளேனு நடுவுல எங்கயும் நிக்காதாமே?" என்று கேட்டுவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தையும் என்னையும் பார்த்துச் சிரித்தார் மாமனார். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார்.

இப்போதும் யாராவது விமானத்தில் வருவதாகச் சொன்னால், அது எத்தனை மணிக்கு இறங்கும் என்று நான் கேட்பதில்லை. நம் வீட்டு வாசலுக்கு எப்போது வருவாய் என்றுதான் கேட்கிறேன்.