நீலப் பட்டில் முடிந்து வைத்த மாத்திரை

ஹந்த்சுரேன் மனதில் ஒன்று ஏறிவிட்டால் அதை இறக்குவது லேசில் ஆகாது. எங்கள் உலான்பாத்தர் மேட்டுக் கூடாரக் குடியிருப்பில் அது எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை பிடிப்பவள் அவள். அவள் பிடித்த கொழுக்கட்டை ஒன்றாவது ஆவியில் வாய் பிளந்து சாற்றைச் சிந்தியதாக, இந்தச் சமாசாரம் நடக்கும்வரை சரித்திரம் இல்லை. வாயைத் தவிர வேறு எதிலும் அவளிடம் யாரும் குறை கண்டதில்லை.

அவள் மனதில் ஏறி உட்கார்ந்திருந்தது இது: புருஷன் தம்தினின் ஈரலைத் தின்றது வோட்கா.

ஏறாமல் என்ன செய்யும், பாவம்! தம்தின் லாரி ஓட்டியவன். நிலக்கரி ஏற்றிக்கொண்டு கோபிப் பாலைவனப் பக்கமிருந்து வந்து இறங்கும்போதே அவனுக்கு முன்னால் வாடை வீட்டுக்குள் வரும். எங்கள் புத்தாண்டான வெள்ளை மாதம் பிறக்கிற முதல் நாள், ஊரே புது அங்கி மாட்டிக்கொண்டு பெரியவர்களின் முழங்கையைத் தாங்கி வாழ்த்திக்கொண்டிருக்கும். இவன் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே மல்லாந்து கிடப்பான். விருந்தாளிகள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருவார்கள். ஒரு வருஷம் அடுக்கி வைத்த பலகாரக் கோபுரத்தின் மேலேயே சாய்ந்து, எல்லாவற்றையும் நொறுக்கினான். ஹந்த்சுரேன் விருந்தாளிகள் முன்னால் சிரித்துவிட்டு, வெளியே போய்ப் பனியில் நின்று அழுதாள். வருஷத்தின் முதல் நாள் அழக்கூடாது என்று தெரிந்தும் அழுதாள்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் லாரி பள்ளத்தில் இறங்கி, கூட வந்த நியம்பூவின் கால் ஒடிந்தது. அன்றைக்கு விட்டவன்தான் தம்தின். அதன்பின் எவன் கிண்ணத்தை நீட்டினாலும் மோதிர விரலை நனைத்து வானத்துக்கு ஒரு சொட்டு சுண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, உடம்புக்குப் பாதுகாப்பும் ஆச்சு. ஊர் நம்பியது. ஹந்த்சுரேன் முக்கால்வாசி நம்பினாள்.

ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது அறுக்க முடியாத இடத்தில் இருந்தது. கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். கதிர் வைக்கிற டாக்டர் அரியூனா சின்ன வயசுப் பெண். எதையும் இரண்டு தடவை சொல்லுகிற பழக்கம்.

“குடிதான் டாக்டர்,” என்றாள் ஹந்த்சுரேன், அவர் கேட்பதற்கு முன்பே. “வேற எதையும் தேட வேண்டாம். நானே சாட்சி.”

“குடியும் கெடுத்திருக்கும் அக்கா. ஆனா இவர் ரத்தத்துல, காமாலை கொண்டுவர்ற பி வைரஸ் இருக்கு. சின்ன வயசுலயே தொத்தியிருக்கணும்.”

“யாரு தொத்த வெச்சா?”

“அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். ஒரே ஊசியைப் பள்ளிக்கூடம் முழுக்கக் குத்தின காலம் வேற. இப்ப யாரைன்னு பிடிக்கிறது?”

“பார்த்தியா ஹந்தா,” என்று தம்தின் உற்சாகமாகத் திரும்பினான். “எல்லாத்துக்கும் என்னையே திட்டினே. நான் அரை டவுசர் போட்ட காலத்துலயே வந்து குடியேறியிருக்கான் ஒருத்தன்.”

“சும்மா இருங்க. குடிச்ச வாய்க்குப் பேச்சு வேற.”

டாக்டர் சிரிக்கவில்லை. “கட்டி எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் என்னால வைத்தியம் பண்ண முடியும். கதிர் கட்டியைச் சுடும், வைரஸைச் சுடாது. தூங்குறதை எழுப்பிவிட்டாலும் விட்டுடும். அது எழுந்துச்சுன்னா மிச்சமிருக்கிற நல்ல ஈரலையும் கெடுத்துடும். அப்புறம் நான் கதிரைத் தொடவே முடியாது. அதனால தினம் ஒரு மாத்திரை. கதிர் முடிஞ்ச பிறகும் நிறுத்தக்கூடாது. நிறுத்தக்கூடாது அக்கா.”

ஹந்த்சுரேன் தலையாட்டினாள். தலை ஆடியதே ஒழிய மனசு அசையவில்லை. வோட்காவை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், மோந்திருக்கிறாள், தரையிலிருந்து துடைத்திருக்கிறாள். வைரஸை யார் கண்டது? குடியை விட்டாச்சு, கதிரும் வைக்கிறார்கள், மாத்திரை ஏதோ சத்துக்காக இருக்கும் என்று அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டாள்.

பாதிக் கதிர் முடிந்திருந்தபோது வெள்ளை மாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் விடுமுறை முடிந்து வரச் சொன்னார்கள். வருஷத்தின் முதல் நாள் எப்படிப் போகிறதோ அப்படித்தான் வருஷம் முழுக்கப் போகும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அழ மாட்டோம், சண்டை போட மாட்டோம், கிழிந்ததைத் தைக்க மாட்டோம். மருந்து விழுங்கினால் வருஷம் முழுக்க மருந்துதான் என்று ஹந்த்சுரேனின் அம்மா வீட்டில் ஒரு நம்பிக்கை. பழைய வருஷத்தின் கடைசி மாலை, அவள் மாத்திரைப் புட்டியை, பெரியவர்களுக்கு மரியாதையாக நீட்டுகிற நீலப் பட்டுத் துண்டில் முடிந்து, சாமிப் படத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மூன்று நாள் கழித்து எடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். போகட்டும், பௌர்ணமி வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டாள். அத்தனை வருஷத்தில் அந்த வீடு முதல் தடவையாகக் கலகலப்பாக இருந்தது. தம்தின் புது அங்கியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் உப்புத் தேநீர் ஊற்றினான். அவளுக்கு அது போதும் போல இருந்தது.

நியம்பூவும் நொண்டி நொண்டி வந்தான், கையில் புட்டியோடு. தம்தின் விரலை நனைத்தான், சுண்டினான். அப்புறம் இரண்டு பேரும் லாரி எஞ்சினைப் பார்த்து வருகிறோம் என்று வெளியே போனார்கள். திரும்பி வர வெகு நேரமானது. ஹந்த்சுரேனுக்குள் நம்பாமல் கிடந்த மீதிக் கால்வாசி விழித்துக்கொண்டது.

பௌர்ணமி தாண்டி இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்தினின் கண் மஞ்சளாகியிருந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு அரியூனா கதிரை நிறுத்தினார். “ஈரல் வீங்கியிருக்கு. இந்த நிலைமையில வெச்சா ஆளையே இழந்துடுவோம். இன்னொரு பரிசோதனை எழுதியிருக்கேன், வந்ததும் கூப்பிடுறேன்.”

ஆஸ்பத்திரி நடையில் ஹந்த்சுரேன் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“எஞ்சின் நல்லா இருந்துச்சா?”

“எந்த எஞ்சின்?”

“நியம்பூவோட போய்ப் பார்த்தீங்களே, அந்த எஞ்சின். எத்தனை கிளாஸ் ஊத்தி ஓடுச்சு?”

தம்தின் அவளைப் பார்த்தான். “ஒரு விரல்தான் ஹந்தா.”

“யோவ், உன் விரலோட கதை எனக்குத் தெரியாதா! என் உசிரை வாங்கத்தான் நீ பொறந்தியா? சாகிறதுன்னா சொல்லிட்டுச் சாவு!”

போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சத்தியம் செய்யவில்லை, சண்டைக்கும் வரவில்லை, தொப்பியை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தான். அந்த மௌனத்தையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். பரிசோதனை முடிவு வரும்வரை அவனுக்குக் கஞ்சி வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

அரியூனா கூப்பிட்டார். தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இது குடி இல்ல. வைரஸ்தான் எழுந்திருக்கு. நல்லா எழுந்திருக்கு. மாத்திரையை நிறுத்தினீங்களா?”

ஹந்த்சுரேனுக்கு நீலப் பட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. பெட்டியின் சாவி இடுப்பில்தான் இருந்தது. அதை இன்னும் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

“நான்தான் டாக்டர்,” என்றான் தம்தின், அவள் வாய் திறப்பதற்குள். “பண்டிகை மும்முரத்துல மறந்துட்டேன். எனக்கு எப்பவும் மறதி.”

“பொய்!” என்று குறுக்கிட்டாள் ஹந்த்சுரேன். “பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் எடுத்துப் பூட்டி வெச்சேன். நல்ல நாளும் அதுவுமா மருந்து வேண்டாம்னு வெச்சேன். குடியாலதான் வந்துச்சுன்னு நெனச்சேன், மாத்திரை சும்மான்னு நெனச்சேன்.”

டாக்டர் அதட்டுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார். “இன்னிக்கே ஆரம்பிங்க. அது அடங்கி, ஈரல் தேறினா மிச்சக் கதிரை வைக்கலாம். தேறுமான்னு இப்பவே சொல்ல முடியாது. அதுக்குள்ள கட்டி வளரலாம். ஒரு நாளும் விடக்கூடாது அக்கா. ஒரு நாளும்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைத் திறந்து பட்டை எடுத்தாள். முடிச்சு அவிழவில்லை. தம்தின் வந்து அவிழ்த்தான்.

“இது இங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நீ வைக்கும்போது பார்த்துட்டுத்தானே இருந்தேன்.”

“அப்போ ஏன் கேக்கல? ஆஸ்பத்திரி நடையில நிக்க வெச்சு அவ்வளவு திட்டினேனே, அப்பவாவது சொல்ல வேண்டியதுதானே!”

அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தேநீரைக் குடித்தான். “எத்தனை வெள்ளை மாசத்தை நான் நாசம் பண்ணியிருக்கேன் ஹந்தா. இந்த ஒண்ணாவது நீ ஆசைப்பட்ட மாதிரி போகட்டும்னு இருந்துட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு எனக்கு மட்டும் தெரியுமா?”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, மூக்கைச் சிந்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்க அழுதாள். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, இவனைப் போய்ப் பேசினேனே என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“போதும், கூடாரம் பிஞ்சிடும்,” என்றான் அவன்.

வைரஸ் அடங்க வசந்தகாலப் புழுதிக்காற்று ஓயும்வரை ஆனது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் கொழுக்கட்டை முதல்முறையாக வாய் பிளந்தது. கடைசியில் அரியூனா தாளைப் பார்த்து, “வைக்கலாம்,” என்றார். அதையும் இரண்டு தடவை சொன்னார். மிச்சக் கதிரைக் கோடையில் வைத்தார்கள். இலையுதிர்காலத்தில் எடுத்த ஸ்கேன் படத்தில் கட்டி சுருங்கியிருந்தது. போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. சுருங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளை மாதம் பிறந்த காலை, ஹந்த்சுரேன் புது அங்கி உடுத்தினாள். வெளியே போய் முதல் தேநீரை வானத்துக்குத் தெளித்துவிட்டு உள்ளே வந்தாள். நீலப் பட்டை இரண்டு கையிலும் விரித்து, நடுவில் ஒற்றை மாத்திரையை வைத்துப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

“என்னடி இது, நான் என்ன பெரிய லாமாவா, பட்டுல வெச்சு நீட்டுறே?”

“வாயைத் திறங்க.”

“முதல் நாள் மருந்து தின்னா வருஷம் முழுக்க மருந்து தின்னணும்னு உங்க அம்மா சொல்லுவாங்களே?”

“ஆமா,” என்றாள் ஹந்த்சுரேன். “வருஷம் முழுக்க இருந்து தின்னுங்க.”