தெருவைச் சலவை செய்த நாள்

காலை ஆறரை மணிக்கு என் மகளின் நெற்றி தோசைக்கல்லாகச் சுட்டது. ஊரெங்கும் விஷக் காய்ச்சல் பரவியிருந்த சமயம். பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் எனக்கு வேலை. பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. பட்டறையிலிருந்து பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து, வாளி வாளியாகக் கரைத்துத் தெருவெல்லாம் ஊற்றினேன். அந்த நெடி வந்தால் இன்றும் அன்றைய பயம் எட்டிப் பார்க்கும், கூடவே சிரிப்பும் வரும்.

தெருவே வேடிக்கை பார்க்கத் திரண்டது. இருமியவர்களும் தும்மியவர்களும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். என் பச்சை லுங்கி முழங்கால் வரை வெளுத்துவிட்டது.

"ஏனுங்க, எங்க ஊட்டு வாசலுக்கும் ரெண்டு வாளி!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்படியே நீலமும் போட்டுருங்க, தெரு பளிச்சுனு இருக்கும்!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். உள்ளே மகள் முனகியதும் நான் மறுபடி வாளியோடு ஓடினேன்.

மதியம் நகராட்சி நர்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நேரே உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"புள்ளைக்கு நல்லா வேர்த்திருக்கு, காய்ச்சல் இறங்குதுங்க. பயப்படாதீங்க. ஆனா காய்ச்சல் என்ன, தரையிலயா நடந்து வருது? இருமுற ஆளுககிட்ட இருந்துதானுங்க வருது. வாளியைக் கீழ வெச்சுட்டு, மொதல்ல இந்தக் கூட்டத்தை அவங்கவங்க ஊட்டுக்கு அனுப்புங்க!"